சென்னிமலையில் பிறந்த குமரன்: கொடியை விடாத 27 வயசு

ஓம் சரவணபவ. 

வழக்கமா ஏதாவது ஒரு கோயில் தல வரலாறு, இல்லன்னா ஒரு அடியார் கதை எழுதுவேன். இந்த வாரம் கொஞ்சம் வேற. முருகன் பேரு வெச்ச ஒரு மனுஷனோட கதை. கோபுரம், தேர், மண்டகப்படி எதுவும் இதுல வராது. ஆனா சென்னிமலை வரும். கந்த சஷ்டி கவசமும் வரும். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

இதை எழுதத் தோணினதுக்கு காரணம் என் டீம்ல இருக்கற ஒரு பஞ்சாபி நண்பர். டிசம்பர் கடைசி வாரம் எல்லாரும் புது வருஷத்துக்கு எங்க போகலாம்னு பேசிட்டு இருப்போம். அவர் மட்டும் அந்த வாரம் ரொட்டியும் பருப்புமா சாப்பிட்டு, ராத்திரி தரையில் படுப்பார். அவங்க ஊர்ப்பக்கம் நிறைய வீட்டில் அப்படித்தானாம், அந்த நாள்களில் கல்யாணம் கூட வைக்க மாட்டாங்களாம். குரு கோவிந்த் சிங்கின் நாலு பிள்ளைகளும் 1705 டிசம்பரில் ஒரே வாரத்துக்குள் போன துக்கம் அது. மூத்தவர் அஜித் சிங்குக்கு 18 வயசு, அடுத்தவர் ஜுஜார் சிங்குக்கு 14. இரண்டு பேரும் சம்கௌர் சண்டையில் விழுந்தாங்க. சின்னவங்க ஜோராவர் சிங்குக்கு 9, பதே சிங்குக்கு 6. பாட்டியோட பிடிபட்ட அந்தக் குழந்தைகளை சிர்ஹிந்தில் குளிர்காலத்தில் ஒரு கோபுரத்தில் அடைச்சு வெச்சு, மதம் மாறினா விட்டுடறோம்னு சொல்லியிருக்காங்க. மாட்டோம்னு நின்னதால உயிரோட சுவர் வெச்சு மூடினாங்க. மலேர்கோட்லா நவாப் ஷேர் முகமது கான் இது தப்புன்னு அந்த சபையிலேயே எதிர்த்தார் என்பதையும் அவர் மறக்காம சொன்னார். அது எனக்குப் பிடிச்சது.

உங்க பக்கம் இந்த மாதிரி யாராவது உண்டான்னு அவர் கேட்டார். சாப்பாட்டு நேரம் முழுக்க ஒருத்தரைப் பத்திச் சொன்னேன். சொல்லச் சொல்ல, இதை நம்ம குரூப்லதான் முதல்ல எழுதியிருக்கணும்னு பட்டுச்சு.

திருப்பூர் குமரன். முழுப் பேரு குமாரசாமி. பாடப்புத்தகத்தில் கையில் கொடியோட ஒரு படம், அதுக்குக் கீழ நாலு வரி, ரெண்டு மார்க் கேள்வி. அதோட நாம அவரை விட்டுட்டோம்.

பிறந்தது 1904 அக்டோபர் 4. அது என்ன கிழமைன்னு தெரிஞ்சுக்க பைத்தானில் ஒரே ஒரு வரி எழுதிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை. நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரன். செவ்வாய்க்கிழமை சந்தை கூடின பேட்டை, அதனாலதான் இந்தப் பேரு. லீ பஜாருக்கு வர்ற லாரிச் சத்தமும், கொலுசுப் பட்டறையில் வெள்ளி தட்டுற சத்தமும், செவ்வாய்க்கிழமை காலையில் பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் ஓடுற கவசமும் சேர்ந்ததுதான் எங்க தெரு. அந்தக் கிழமையில் சென்னிமலையில் ஒரு நெசவாளி வீட்டில் பிறந்த பிள்ளைக்கு குமாரசாமின்னு பேரு வெச்சதுக்கு வேற காரணம் தேட வேண்டியதில்ல.

சென்னிமலையை நம்மாட்களுக்கு அறிமுகம் பண்ண வேண்டாம். 1,320 படி. தேவராய சுவாமிகள் கந்த சஷ்டி கவசத்தை அரங்கேற்றிய தலம்னு நாம எல்லாரும் கொண்டாடற மலை. மலைக்குக் கீழ இருக்கற ஊர் தறி ஊர். இன்னிக்கும் சென்னிமலை போர்வைன்னு கேட்டு வாங்கறவங்க இருக்காங்க. குமரன் பிறந்தப்போ மின்சாரம் கிடையாது, விசைத்தறி கிடையாது, எல்லாமே குழித்தறி. சேலத்தில் குகை, அம்மாபேட்டைப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு தெரியும். தரையில் குழி வெட்டி, அதுக்குள்ள காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிக்கணும். பாவு ஒருத்தர் ஓட்டணும், தார் ஒருத்தர் சுத்தணும், வீட்டில் ஒருத்தர் கூட சும்மா இருக்க முடியாது. மழை பெய்ஞ்சா குழியில் ஈரம் ஏறி வேலை நிக்கும். நூல் விலை ஏறினா அந்த வாரம் அடுப்பு எரியறதே கஷ்டம்.

அப்பா நாச்சிமுத்து முதலியார், அம்மா கருப்பாயி. குடும்பத்தில் வறுமை. அஞ்சாம் வகுப்போட படிப்பு நின்னுபோச்சு. பிறகு தறி. 1923-ல், 19 வயசு வாக்கில் கல்யாணம். மனைவி பேரு ராமாயி, அப்போ அவங்களுக்கு 14 வயசு. அந்தக் காலத்து வழக்கம் அது. இன்னிக்கு நமக்கு நெஞ்சு கனக்குது, ஆனா இந்தப் பெண்ணை ஞாபகத்தில் வெச்சுக்கங்க. இந்தக் கதையில் கடைசி வரைக்கும் எனக்கு மனசில் நிக்கறது அவங்கதான்.

கைத்தறி வருமானத்தில் குடும்பம் நடத்த முடியாம குமரன் திருப்பூருக்குப் போனார். சென்னிமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் ஈங்கூர். அங்கிருந்து விஜயமங்கலம், ஊத்துக்குளி தாண்டினா திருப்பூர். நான் திங்கட்கிழமை காலையில் சேலத்தில் ரயில் ஏறி கோயம்புத்தூர் போற அதே பாதைதான். ஈரோடு தாண்டினதும் எல்லாரும் காதில் இயர்போனோட தூங்கிட்டு வருவாங்க. அவர் பிறந்த ஊரிலிருந்து அவர் விழுந்த தெரு வரைக்கும் ஒரு தூக்கத்துல கடந்துடலாம்.

திருப்பூரில் ஒரு பஞ்சு ஆலையில் எடை போடற வேலை கிடைச்சது. பஞ்சு மூட்டையைத் தராசில் ஏத்தணும், எடையைக் குறிக்கணும், கணக்குல எழுதணும். நம்ம பாஷையில் டேட்டா என்ட்ரின்னு வெச்சுக்கங்க. மாசச் சம்பளம், நிரந்தர வேலை. தறிக்குழியிலிருந்து வெளிய வந்த ஒரு இளைஞனுக்கு அது பெரிய விஷயம். அவர் வீட்டுக்கும்தான். இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, தியாகின்னா இழக்க ஒண்ணுமில்லாத ஆள்னு நம்மில் பல பேர் நினைக்கறோம். குமரனுக்கு இழக்கறதுக்கு நிறைய இருந்துச்சு. வேலை, மனைவி, வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம். நம்ம எல்லார்கிட்டயும் இருக்கற அதே லிஸ்ட்.

அன்னிக்குத் திருப்பூர் பனியன் ஊர் இல்ல, கதர் ஊர். சுத்துப்பட்டு கிராமத்தில் நூத்த நூலும் நெய்த கதரும் அங்கதான் வந்து சேரும். காந்தி 1925-ல் தொடங்கின அகில இந்திய நூற்போர் சங்கத்துக்கு திருப்பூர் முக்கியமான மையம். நம்ம பக்கத்தையும் சொல்லணும்: அதே 1925-ல் ராஜாஜி திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஆரம்பிச்சார். 1930 வேதாரண்யம் உப்பு யாத்திரைக்கு நடைப்பாட்டு எழுதித் தந்தவர் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. சேலம், நாமக்கல், ஈரோடு, திருப்பூர்னு இந்த வட்டாரம் முழுக்க அப்போ ஒரே சூட்டில் இருந்துச்சு. கொடியிலேயே பாருங்க, காங்கிரஸ் கொடியில் அந்தக் காலத்தில் நடுவில் இருந்தது அசோகச் சக்கரம் இல்ல, ராட்டை. நூல் விலை ஏறினா சோறு இறங்காத வீட்டுல பிறந்தவருக்கு அது வெறும் சின்னமா இருந்திருக்க முடியாது. சொந்த வீட்டுச் சாமானைக் கொடியில் போட்ட மாதிரி இருந்திருக்கும்.

திருப்பூரில் தேசபந்து வாலிபர் சங்கம்னு ஒண்ணு இருந்தது. தேசபந்துங்கறது வங்காளத்துத் தலைவர் சித்தரஞ்சன் தாஸுக்கு மக்கள் கொடுத்த பட்டம். ஆலை வேலை முடிஞ்சு குமரன் போய்ச் சேர்ந்த இடம் அது. கதர் போடறது, கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி மறியல், கூட்டம் சேர்க்கறது. மேடைப் பேச்சாளர் இல்ல, தலைவரும் இல்ல. நம்ம பக்கத்துப் பாதயாத்திரைக் குழுவில் முன்னாடி நின்னு மைக் பிடிக்காம, பின்னாடி நின்னு தண்ணி கேன் தூக்கற ஒருத்தர் இருப்பார் இல்லையா, அந்த மாதிரி தொண்டர்னு நான் கற்பனை பண்ணிக்கறேன்.

1931 மார்ச் 23 அன்னிக்கு லாகூரில் பகத் சிங்கைத் தூக்கில் போட்டாங்க. 23 வயசு. அவர் சீக்கியக் குடும்பத்துப் பிள்ளை, சிர்ஹிந்துக் கதையைக் கேட்டு வளர்ந்த மண்ணுக்காரர். தமிழ்நாட்டிலயும் அந்தச் செய்தி இளைஞர்களை உலுக்குச்சு. அந்த வருஷக் கடைசியில், டிசம்பர் 28-ம் தேதி, லண்டன் வட்டமேஜை மாநாட்டிலிருந்து காந்தி வெறுங்கையோட பம்பாய் வந்து இறங்கினார். ஒரு வாரம் கூட வெளிய இல்ல. 1932 ஜனவரி 4 விடியற்காலையில் கைது. அதே நாள் அவசரச் சட்டங்கள் வந்துச்சு, காங்கிரஸ் அமைப்புகளை சட்டவிரோதம்னு அறிவிச்சாங்க. ஊர்வலம் போனா அடி, கொடி பிடிச்சா அடி, வந்தே மாதரம்னு சொன்னா அடி. நாடு முழுக்க அதுதான் நிலைமை.

இப்போ ஜனவரி 10-க்கு வரலாம். அது ஞாயித்துக்கிழமை. பொங்கலுக்கு இன்னும் நாலு நாள்.

திருப்பூரில் தடையை மீறி ஊர்வலம்னு முடிவாயிருச்சு. நம்ம மனசில் ஊர்வலம்னா ஆயிரக்கணக்கான ஜனம் வரும். அன்னிக்குக் கிளம்பினது சுமார் பத்து பேர். முன்னாடி பி.எஸ். சுந்தரம். கூட குமரன், ராமன் நாயர், விசுவநாத ஐயர், நாச்சிமுத்து கவுண்டர், நாச்சிமுத்து செட்டியார், பொங்காளி முதலியார், அப்புக்குட்டி, இன்னும் ஒண்ணு ரெண்டு பேர். பேருகளை ஒரு தடவை மெதுவாப் படிச்சுப் பாருங்க. நாயர், ஐயர், கவுண்டர், செட்டியார், முதலியார். இன்னிக்கு ஒரு கோயில் கமிட்டியில் இத்தனை பேரை ஒண்ணா உட்கார வைக்கறதுக்குள்ள நமக்கு மூச்சு வாங்குது.

பத்து பேர்னா கூட்டத்துக்குள்ள ஒளிய முடியாது. ஆயிரம் பேர் ஊர்வலத்தில் அடி யாருக்கோ விழும். பத்து பேர் ஊர்வலத்தில் அடி உனக்குத்தான் விழும். அது அவங்க எல்லாருக்கும் கிளம்பறதுக்கு முன்னாடியே தெரியும். இதைத்தான் அந்த பஞ்சாபி நண்பர்கிட்ட நான் அதிக நேரம் சொன்னேன். சண்டைக்களத்தில் வாள் வீசறப்போ ஒரு வேகம் இருக்கும், பதிலுக்கு அடிக்கலாம். இங்க திருப்பி அடிக்க மாட்டோம்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு, கையில் கொடிக் குச்சியைத் தவிர ஒண்ணும் இல்லாம, ரெண்டு ரெண்டு பேரா நடக்கணும். பகல் வெளிச்சத்தில், தெரிஞ்சவங்க எல்லாம் கடை வாசலில் நின்னு பார்த்துட்டு இருக்கறப்போ.

கோஷம் போட்டுக்கிட்டே தெருவில் போனாங்க. போலீஸ் வந்து பாய்ஞ்சது. லத்தியால கண்மூடித்தனமான அடி. சுந்தரத்துக்கு எலும்புகள் முறிஞ்சது. குமரன் தலையில் விழுந்த அடியில் மண்டை பிளந்தது. ரத்தம் வழிய கீழ விழுந்தார். விழுந்தவர் கையில் கொடி இருந்துச்சு. மண்ணில் விழ விடாமப் பிடிச்சிருந்தார். நினைவு தப்பின பிறகும் அந்தப் பிடி தளரலன்னு சொல்வாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. மறுநாள், ஜனவரி 11, உயிர் போயிருச்சு. 27 வயசு, 3 மாசம், 7 நாள்.

அந்தக் கணக்கையும் நான்தான் போட்டேன். எனக்கு அவரை விட ஒரு வயசு அதிகம். இந்த ஒரு வருஷத்தில் நான் ரெண்டு தடவை வேலை மாறியிருக்கேன், ஒரு பைக் வாங்கியிருக்கேன். அவ்வளவுதான்.

மூணு நாள் கழிச்சுப் பொங்கல். சென்னிமலையில் தறி எல்லாம் நிறுத்தி, வீடு பூசி, வாசலில் கோலம் போட்டு, கரும்பு நட்டு வெச்சிருப்பாங்க. ராமாயி அம்மாவுக்கு அப்போ 22, 23 வயசுதான் இருக்கும். குழந்தைகள் கிடையாது. அந்தக் காலத்தில் அந்த வயசில் விதவைன்னா என்ன வாழ்க்கைன்னு நம்ம பாட்டிமார்களைக் கேட்டா சொல்வாங்க. குமரன் உயிரை ஒரே நாளில் கொடுத்தார். அந்தப் பெண் ஒவ்வொரு நாளா கொடுத்துட்டு இருந்தாங்க. குமரன் படத்தை ஸ்டேட்டஸ் வைக்கறப்போ நாம ரத்தத்தையும் கொடியையும் மட்டும் பார்த்துட்டு, நரம்பு புடைக்க ஒரு பாட்டைச் சேர்த்துட்டு அடுத்த ஸ்டேட்டஸுக்குப் போயிடறோம். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. சின்ன வயசில் சாகறது அழகான விஷயம் இல்ல. சாகறதுக்காக அவர் கிளம்பவும் இல்ல. ஊர்வலம் போயிட்டு, அடி வாங்கினா வாங்கிட்டு, ஜெயிலுக்குப் போனா போயிட்டு வந்து மறுபடியும் தராசுக்கு முன்னாடி நிக்கலாம்னுதான் போயிருப்பார்.

சரி, இப்போ நம்ம விஷயத்துக்கு வர்றேன். இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

கவசம்ங்கறது என்ன? உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒவ்வொரு உறுப்பா பேரு சொல்லி, வேல் வந்து காக்கணும்னு கேக்கற பிரார்த்தனை. அந்தக் கவசம் அரங்கேறின மலை அடிவாரத்தில் பிறந்து, அந்த முருகன் பேரையே சுமந்த பிள்ளையோட தலையில்தான் அந்த அடி விழுந்துச்சு. அப்போ வேல் எங்க போச்சு?

இந்தக் கேள்வியை நாத்திகர் யாராவது கேட்டா குரூப்ல சண்டை போட்டு ஜெயிச்சுடுவோம். ராத்திரி தனியா படுத்திருக்கறப்போ நமக்கு நாமே கேட்டா என்ன சொல்றது? நான் இத்தனை வருஷமா கவசத்தை ஒரு எஸ்.எல்.ஏ. மாதிரிதான் வெச்சிருந்தேன். கம்பெனிக்கும் கிளையன்ட்டுக்கும் நடுவில் போடற ஒப்பந்தம் தெரியுமில்ல, இத்தனை மணி நேரத்தில் இதைச் சரி பண்ணித் தரணும்னு, அது. நான் தினம் 36 தடவை சொல்றேன், நீ ஆன்சைட் வாங்கிக் கொடு. ஆறு செவ்வாய் விரதம் இருக்கேன், ஹைக் வரணும். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் ஆரம்பிச்சோம், முருகனும் சிரிச்சுக்கிட்டே நிறையத் தடவை கொடுத்திருக்கார். ஆனா குமரன் கதைக்கு முன்னாடி அந்த ஒப்பந்தம் நிக்கல.

வேல்ங்கறது ஞான சக்தி. பயத்தை அறுக்கறதுதான் அதோட வேலை. அம்மா பார்வதி சக்தியெல்லாம் திரட்டிக் கொடுத்தது பிள்ளை போருக்குப் போகாம வீட்டிலேயே பத்திரமா இருக்கறதுக்கு இல்ல, போறதுக்கு. பத்து பேரோட அந்தத் தெருவில் திரும்பினப்போ குமரனுக்கு ஓட வழி இருந்துச்சு. கொடியைக் கீழ போட்டுட்டு பக்கத்துச் சந்துக்குள்ள நுழைஞ்சிருந்தா, மறுநாள் ஆலைக்கு வேலைக்குப் போயிருக்கலாம். சிர்ஹிந்துக் குழந்தைகளுக்கும் அப்படி ஒரு கதவு திறந்துதான் இருந்தது. அந்தக் கதவு வழியா போகாம நின்னாங்களே, அந்த நிமிஷத்தில் அவங்களைக் காத்தது எதுவோ அதுதான் கவசம்னு எனக்குப் படுது. எலும்பைக் காக்கல. எதைக் காத்துச்சுன்னு கையைப் பார்த்தாத் தெரியும். உங்களுக்கு இது ஒப்புக்கலன்னா தாராளமா எழுதுங்க, பேசலாம்.

இன்னொண்ணும் சொல்லணும். நம்ம சாமிக்கும் ஒரு கொடி உண்டு. சேவற்கொடி. அந்தச் சேவல் யாரு? சூரபத்மன். கடைசிச் சண்டையில் மாமரமா நின்னவனை வேல் ரெண்டாப் பிளந்தப்போ ஒரு பாதி மயில், மறு பாதி சேவல். எதிரியை அழிச்சுக் குப்பையில் போடல. ஒண்ணை வாகனமாவும், ஒண்ணைக் கொடியாவும் தன்கூடவே வெச்சுக்கிட்டார். வருஷா வருஷம் ஐப்பசி சஷ்டியில் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்க்கறோம், சூரன் தலை விழறப்போ விசில் அடிக்கறோம். அதுக்கப்புறம் நடக்கறதுதான் உண்மையில் முக்கியம். அடிக்கறவனையும் மனுஷனா மாத்தணும், அவன் மேல கை வைக்கக் கூடாதுன்னு சத்தியாகிரகிகள் நினைச்சது இதிலிருந்து ரொம்ப தூரம் இல்ல. அந்த லத்தியைப் பிடிச்ச போலீஸ்காரங்கள்லயும் பாதிப் பேர் நம்ம ஊர்க்காரங்களாத்தான் இருந்திருப்பாங்க. வீட்டில் பொங்கலுக்குப் பானை வாங்கி வெச்சவங்கதான். அதை நினைச்சா இன்னும் வலிக்குது.

அடக்குமுறை ஜெயிச்சுதான்னு கேட்டா, இல்ல. குமரன் போய் 15 நாளில், ஜனவரி 26 அன்னிக்கு, ஆர்யா என்கிற பாஷ்யம் சென்னை ஜார்ஜ் கோட்டைக் கம்பத்திலேயே ஏறி கொடியைப் பறக்க விட்டார். அவரும் இருபதுகளில் இருந்த இளைஞர்தான். திருப்பூரில் ஒரு கொடியைக் கீழ விழ வைக்கப் பார்த்தாங்க, அது கோட்டை உச்சிக்குப் போய் நின்னுச்சு. பதினஞ்சு வருஷம் கழிச்சு நாடு விடுதலை ஆச்சு. கொடியில் ராட்டை இருந்த இடத்தில் சக்கரம் வந்துச்சு. அதை ராமாயி அம்மா மட்டும்தான் பார்த்தாங்க.

நூற்றாண்டு வருஷமான 2004 அக்டோபரில் தபால்துறை அவருக்கு ஸ்டாம்ப் வெளியிட்டுச்சு. திருப்பூர்ல மெயின் ரோடே குமரன் ரோடுதான், தினமும் ஆயிரக்கணக்கான பனியன் கம்பெனி ஆட்கள் அந்தப் பேரைச் சொல்லித்தான் ஆட்டோ பிடிக்கறாங்க. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் அவருக்கு நினைவகம் இருக்கு. ஸ்டேஷனிலிருந்து நடந்தே போயிடலாம்.

தைப்பூசத்துக்கோ சஷ்டிக்கோ சென்னிமலை போற நம்ம குழுக்களுக்கு ஒரு சின்ன யோசனை. சேலத்திலிருந்து ரயிலில் வர்றவங்க ஈரோட்டில் இறங்கி பஸ் பிடிச்சா மலையடிவாரம். காலையில் வெயில் ஏறறதுக்கு முன்னாடி படி ஏறிடுங்க, தண்ணி பாட்டில் கையில் வெச்சுக்கங்க, பிளாஸ்டிக்கை மலையில் போடாதீங்க. தரிசனம் முடிச்சு இறங்கினதும் கீழ ஒரு தறிச் சத்தம் கேக்கற தெருவில் கொஞ்ச நேரம் நில்லுங்க, இப்பவும் சில வீட்டில் கைத்தறி ஓடுது. ஒரு போர்வை வாங்குங்க, பேரம் பேசாம. மதியம் நேரம் இருந்தா ஊத்துக்குளி வழியா திருப்பூர் போய் நினைவகத்தைப் பார்த்துட்டு, அங்கிருந்தே சாயந்திரம் சேலத்துக்கு ரயில் ஏறிக்கலாம். ஜனவரி 11 அன்னிக்குப் போறவங்க இருந்தா குரூப்ல சொல்லுங்க, நானும் வர்றேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.